ஓர் உடல், மூன்று கல்லறை
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

மனிதன் செத்தால் ஆறடி நிலம் போதும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பாட்டுக்காரருக்குப் பதினெட்டடி கொடுத்திருக்கிறார்கள். ஓர் உடலுக்கு மூன்று கல்லறை! மூன்றிலும் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. மூன்றையும் தேடி உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எந்தக் கல்லின் அடியில் அவர் உறங்குகிறார் என்பதைத்தான் எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அவர் பெயர் ராபர்ட் ஜான்சன். நம்மில் பலர் கேட்டிராத பெயர். ஆனால் மேலைநாட்டு ராக் இசையில் பற்றுள்ள நண்பர்கள் தங்களை அறியாமலே அவரைக் கேட்டிருப்பார்கள். 1968இல் கிரீம் குழுவில் எரிக் கிளாப்டன் பாடிய கிராஸ்ரோட்ஸ் அவருடைய பாட்டு. 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடிய லவ் இன் வெய்ன் அவருடைய பாட்டு. அவர்கள் கோடிகளில் புரண்டார்கள். பாட்டை ஆக்கியவரோ 27ஆம் வயதில், மருத்துவர் முகம் பாராமல் மாண்டு போனார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மிசிசிப்பிக்குப் போனவன் அல்லன். எங்கள் வீட்டில் சென்னையைத் தாண்டிப் போனவர்களே இல்லை. படித்த நூல்களும், நூலகத்துக் கணினியில் விரித்த வரைபடமுமே இந்தப் பயணத்தில் என் வண்டியும் மாடும். வாசக நண்பர்களே, நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.

டெல்டா என்று அழைக்கப்படும் மிசிசிப்பியின் வடமேற்குப் பகுதி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடுபள்ளமில்லாத வண்டல் பூமி. அங்கே இரண்டு ஆறுகள் கூடி யாசூ என்னும் ஆறாகும் இடத்தில் கிரீன்வுட் என்ற ஊர் இருக்கிறது. பருத்திக்குப் பேர்போன ஊர். பருத்தி வெள்ளை, அதைப் பறித்த கைகள் கறுப்பு. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்துவிட்டாலும், பண்ணையாருக்கு உழுது பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பண்ணைக் கடைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் வாரக்குடி வாழ்க்கைதான் கறுப்பின மக்களுக்கு அடுத்த பல பத்தாண்டுகளுக்கும் வாய்த்தது. புளூஸ் என்னும் இசை அந்த வயல்களில் பிறந்தது. முதல் அடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வது அதன் பொதுவான அமைப்பு. துயரப் பாட்டு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமை இரவில் அதைக் கேட்டு ஆடத்தான் மக்கள் கூடினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கிரீன்வுட்டிலிருந்து தென்மேற்கே வந்து, 7ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கீட்டோ என்ற சிற்றூர் வரும். அங்கே பெய்ன் சேப்பல் என்னும் சிறு கோயிலின் இடுகாட்டில் ஒரு கல். ஜான்சனுடன் ஒரு காலத்தில் பழகிய பெண்மணி ஒருவர் காட்டிய இடம் அது. அந்த இடத்தின் படத்தை ஓர் இசை இதழில் கண்ட அட்லாண்டா நகரத்து ராக் குழுவினர் மனம் பொறுக்காமல் 1990இல் தங்கள் செலவில் கல் வைத்தார்கள். அந்தக் குழுவின் பெயரே டூம்ஸ்டோன்ஸ், அதாவது கல்லறைக் கற்கள்! பெயருக்கேற்ற வேலை.

அதே சாலையில் இன்னும் சில மைல் போனால் மார்கன் சிட்டி. அருகில் மவுண்ட் சயான் என்ற பாப்டிஸ்ட் கோயில். இங்கே இருப்பது சிறு கல்லன்று, ஒரு தூண். நாலு பக்கத் தூணில் அவர் பாட்டுகளின் பெயர்களெல்லாம் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1991இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் பணத்தில் எழுந்தது. முந்தைய ஆண்டில்தான் அந்நிறுவனம் ஜான்சனின் பாட்டுகளை முழுத் தொகுப்பாக வெளியிட்டு, பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. லாபத்தில் ஒரு தூண்!

ஏன் இத்தனை குழப்பம்? எல்லாம் ஒரு தாளில் இருந்து தொடங்குகிறது.

ஜான்சன் இறந்தது 1938 ஆகஸ்ட் 16. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதே இசையுலகில் வெறும் வாய்ப்பேச்சாக இருந்தது. கேல் டீன் வார்ட்லோ என்ற ஆராய்ச்சியாளர் விடாமல் தேடி, 1968இல் சாவுச் சான்றிதழைக் கண்டெடுத்தார். தொழில் என்ற இடத்தில் இசைக்கலைஞர் என்று இருந்தது. சாவின் காரணம் எழுத வேண்டிய இடத்தில் நோயின் பெயர் இல்லை. மருத்துவர் இல்லை என்று எழுதியிருந்தது. புதைத்த இடம் சயான் கோயில். அவ்வளவுதான்.

சயான் கோயில்! மிசிசிப்பியில் சயான் என்ற சொல் சேராத பாப்டிஸ்ட் கோயிலைத் தேடுவதுதான் கடினம். மவுண்ட் சயான், லிட்டில் சயான், நியூ சயான் என்று மூலைக்கு மூலை உண்டு. நம் பக்கத்தில் ஒருவர் மாரியம்மன் கோயில் அருகே என்று மட்டும் முகவரி எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? அப்படித்தான்.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு பின்பக்கமும் உண்டு என்பது பிற்காலத்தில்தான் வெளிவந்தது. அதில் பதிவாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். யாரைக் கேட்டு? இறந்தவரின் உறவினரையா, உடனிருந்தவரையா? முக்கியமாகப் பண்ணையாரைக் கேட்டு. ஏறத்தாழ 26 வயதுள்ள ஒரு கறுப்பன் இரண்டு மூன்று வாரத்துக்கு முன் வந்தான். பண்ணையில் நடந்த ஆட்டத்துக்கு பாஞ்சோ வாசிக்க வந்தவன். பருத்தி பறிக்க விரும்புவதாகச் சொல்லி அங்கேயே சிலருடன் தங்கினான். தன்னிடம் வேலை செய்தவன் இல்லையாதலால் பண்ணையார் அவனுக்கு மருத்துவரை அழைக்கவில்லை. மாவட்ட நிர்வாகம் கொடுத்த கைவேலைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். மேகநோயால் செத்திருப்பான் என்பது பண்ணையாரின் அபிப்பிராயம். குறிப்பின் சாரம் இதுதான்.

இதைப் படித்த அன்று எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. தன்னிடம் வேலை செய்யாதவனுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்கிற அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமான கணக்கு! அதிலும், உலகம் கொண்டாடப் போகும் கிதார்க் கலைஞரின் கையில் கிதார்கூட இல்லை, பாஞ்சோவாம். சாவுக்குக் காரணம் சொன்னவர் பண்ணையார். பிணத்தை ஒரு மருத்துவரும் பார்க்கவில்லை.

சாவுதான் இப்படி என்றால், பிறப்பு? மிசிசிப்பியின் தெற்கே ஹேசில்ஹர்ஸ்ட் என்ற ஊரில், 1911 மே 8 என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளிப் பதிவு, திருமணப் பதிவு, சாவுப் பதிவு எல்லாம் ஒரே கணக்கைச் சொல்லவில்லை. இதில் நகைக்க ஒன்றுமில்லை. என் தந்தையாரின் பிறந்த நாள் ஜூன் 1. என் சிற்றப்பாவுக்கும் ஜூன் 1. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான். பள்ளியில் சேர்க்கப் போன அன்று ஆசிரியர் எழுதிக்கொண்ட தேதி அது.

ஜான்சனின் தாய் ஜூலியா. அவருடைய கணவர் சார்ல்ஸ் டாட்ஸ் சொந்த நிலமும், மரச்சாமான் செய்யும் தொழிலும் உடையவராக ஓரளவு வசதியோடு இருந்தவர். கறுப்பினத்தவர் வசதியாக இருப்பது அந்நாளில் ஆபத்து. வெள்ளைக்காரர்களோடு ஏற்பட்ட தகராறில், கொல்ல வந்த கும்பலிடமிருந்து தப்பி மெம்ஃபிஸ் நகருக்கு ஓடி, பெயரை ஸ்பென்சர் என்று மாற்றிக்கொண்டார். பின்னர் ஜூலியாவுக்கு நோவா ஜான்சன் என்பவர் மூலம் பிறந்தவர் ராபர்ட். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் மெம்ஃபிஸில் ஸ்பென்சர் குடும்பத்தோடு வளர்ந்து, அங்கே பள்ளிக்கும் போனார். பிறகு தாயும் மாற்றாந்தந்தையும் இருந்த டெல்டாவின் ராபின்சன்வில் பகுதிக்கு வந்தார். வயல் வேலையில் மனம் ஒட்டவில்லை.

1929இல் வர்ஜீனியா டிராவிஸ் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டிலேயே பேறுகாலத்தில் தாயும் சேயும் இறந்தார்கள். அதன்பின் எந்த வீட்டிலும் நிலைத்து நின்றதாகத் தெரியவில்லை. மறுமணம் நடந்தது, அதுவும் நீடிக்கவில்லை.

இனி வருவதுதான் உலகறிந்த கதை. அந்தப் பகுதியில் சன் ஹவுஸ், வில்லி பிரவுன் என்ற இரு பெரிய புளூஸ் கலைஞர்கள் வாசித்து வந்தார்கள். அவர்கள் ஓய்வுக்கு எழுந்து போகும் நேரத்தில் இளைஞர் ராபர்ட் கிதாரை எடுத்து மீட்டுவாராம். காது கொடுத்துக் கேட்க முடியாமல் கூட்டம் அலறுமாம். பிறகு ஊரை விட்டுப் போனார். ஓரிரு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து வாசித்தபோது சன் ஹவுஸே வாயடைத்துப் போனார். ஒரே கிதாரில் இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்டது. எப்படி வந்தது இந்த வித்தை? நள்ளிரவில் நாற்சந்தியில் போய் நின்றார், சாத்தான் வந்தான், கிதாரை வாங்கிச் சுருதி சேர்த்துக் கொடுத்தான், பதிலுக்கு உயிரை எழுதி வாங்கிக்கொண்டான். இதுதான் கதை.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ராபர்ட்டின் கதையே அன்று. டாமி ஜான்சன் என்ற வேறொரு புளூஸ் பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்ன கதை. இரண்டு பேரும் ஜான்சன்; உறவு ஒன்றுமில்லை. பெயர் ஒன்றாயிருந்த பாவத்துக்குக் கதை இடம் மாறி, புகழ் பெற்றவரின் தலையில் ஏறிவிட்டது.

உண்மையில் நடந்தது என்ன? ராபர்ட் தம் பிறந்த ஊர்ப் பக்கம் போய், ஐக் சிம்மர்மேன் என்ற கிதார்க்காரரின் வீட்டில் தங்கினார். அவர் சாலை போடும் வேலையில் இருந்தவர், புகழ் பெறாதவர். அவரிடம் மாணவராக இருந்து இரவு பகலாகப் பழகினார். வீட்டில் சத்தம் போட முடியாதாகையால் இருவரும் இரவில் அருகிலிருந்த இடுகாட்டுக்குப் போய், கல்லறைக் கற்களின் மேல் உட்கார்ந்து வாசித்ததாகச் சிம்மர்மேனின் மகள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எழுந்து வந்து சத்தம் போடாதே என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. ஓர் ஏழை இரவெல்லாம் கண்விழித்துக் கற்றுக்கொண்டான் என்று சொன்னால் உலகம் நம்ப மறுக்கிறது. சாத்தான் கொடுத்தான் என்றால் உடனே நம்புகிறது! எங்கள் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். மதிப்பெண் பட்டியல் வந்த அன்று, இவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஊரில் ஏழெட்டுக் காரணங்கள் பேசப்பட்டன. தெருவிளக்கின் கீழ் நான் உட்கார்ந்த இரவுகள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சிம்மர்மேனின் மகள் சொன்னதை நான் முழுதும் நம்புகிறேன்.

நாற்சந்தியைப் பற்றி ராபர்ட் பாடிய கிராஸ் ரோடு புளூஸ் என்ற பாட்டிலும் சாத்தான் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் நாற்சந்தியில் ஒருவன் நிற்கிறான். மண்டியிட்டு ஆண்டவனை வேண்டுகிறான். போகிற வண்டியை நிறுத்திப் பார்க்கிறான், எவரும் நிறுத்தவில்லை. இருட்டிய பின் அறியாத ஊரில் தனியாகச் சிக்கிய கறுப்பினத்தவனுக்கு அன்று என்ன நேரும் என்று தெரிந்தால், அந்தப் பாட்டின் நடுக்கத்துக்குச் சாத்தான் வேண்டியதில்லை.

அவருடைய கலை நமக்கு எஞ்சியிருப்பது ஐந்தே நாள் வேலையால். ஜாக்சன் நகரத்துக் கடைக்காரர் ஸ்பியர் என்பவர் மூலம் வாய்ப்புக் கிடைத்து, 1936 நவம்பரில் டெக்சாசின் சான் அன்டோனியோ நகரில் குண்டர் ஹோட்டலில் மூன்று நாளும், 1937 ஜூனில் டல்லஸ் நகரில் இரண்டு நாளும் பாடினார். மொத்தம் 29 பாட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் ஆரம்பமும் முடிவும் இருக்க வேண்டும். பதிவின்போது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினார் என்று ஒரு செய்தி. கூச்சம் என்றார் சிலர். விரல் வித்தையைப் பிறர் திருடாமலிருக்க என்றார் சிலர். மூலைச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி கிதாருக்குக் கனம் கூட்டும் என்று அறிந்து செய்தார் என்றார் சிலர். இயற்பியல் வகுப்பில் ஒலி எதிரொளிப்பைப் படித்தவர்கள் மூன்றாவதைத்தான் விரும்புவார்கள். டெர்ராபிளேன் புளூஸ் என்ற முதல் தட்டு ஏறத்தாழ 5,000 விற்றதாம். அவருக்கு அது நல்ல விற்பனை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கிரீன்வுட் அருகே ஒரு நாட்டுப்புற மதுக்கடையில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண்ணோடு பழகினார் என்றும், ஆத்திரம் கொண்ட ஒருவர் விசுக்கியில் நஞ்சு கலந்து கொடுத்தார் என்றும் உடனிருந்தவர்கள் சொன்னார்கள். சில நாள் வலியில் துடித்து இறந்தார்.

என்ன நஞ்சு? நெடுங்காலம் ஸ்ட்ரிக்னின் என்றே எழுதி வந்தார்கள். வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே நான் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். ஸ்ட்ரிக்னின் நமக்கு அந்நியமன்று. நம் எட்டி மரத்தின் கொட்டையில் இருப்பது அதுதான். எட்டியின் கசப்பு எத்தகையது என்று தமிழர்க்குச் சொல்ல வேண்டுமா? பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். உட்கொண்டால் சிறிது நேரத்திலேயே உடல் வில்லாக வளையும் வலிப்பு. சாவும் பெரும்பாலும் சில மணி நேரத்தில். நாட்கணக்கில் கிடந்து இறந்தவருக்கு அது பொருந்தவில்லை. வார்ட்லோவும் கான்ஃபோர்த்தும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு வேறொன்றைச் சொல்கிறது: நாப்தலீன். ஆம், துணிப் பெட்டியில் நாம் போடும் பாச்சை உருண்டை! தண்ணீரில் அது கரையாது என்றே சொல்லலாம், சாராயத்தில் கரையும். அதைக் கரைத்துக் கொடுத்து ஆளை வாந்தியிலும் மயக்கத்திலும் தள்ளும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இருந்ததாம். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் ஜான்சனுக்கு ஏற்கெனவே வயிற்றுப் புண். உள்ளே இரத்தம் கசிந்திருக்க வேண்டும். ஒரு மருத்துவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குத்தான் சான்றிதழின் பின்பக்கம் பதில் வைத்திருக்கிறதே.

அதே ஆண்டு டிசம்பர் 23. நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் கறுப்பின மக்களின் இசையை நாடறியச் செய்ய ஜான் ஹாமண்ட் என்பவர் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார். அதில் பாட ராபர்ட் ஜான்சனை அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினார். இறந்துவிட்டார் என்ற செய்திதான் வந்தது. என்ன செய்தார் ஹாமண்ட்? மேடையில் இசைப்பெட்டியை வைத்து, ஜான்சனின் தட்டுகள் இரண்டைச் சுழலவிட்டு அவையோரைக் கேட்கச் செய்தார். நான்கே மாதம்! உயிரோடு இருந்திருந்தால் அந்த மேடையில் நின்றிருப்பார்.

பிறகு நெடிய மௌனம். 1961இல் பாட்டுகள் நெடுந்தட்டாக வெளிவந்ததும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இளைஞர்கள் பைத்தியமானார்கள். 1994இல் அமெரிக்க அரசு 29 சென்ட் தபால்தலை வெளியிட்டது. பாட்டும் 29, காசும் 29! புகைப்படத்தில் அவர் வாயில் இருந்த சிகரெட்டைத் தபால்தலையில் நீக்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது எவரும் அவர் உடல்நலத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அவருக்கு ஒரு மகன் இருந்தார்: கிளாட் ஜான்சன். சிறுவனாயிருந்தபோது தந்தை பார்க்க வந்தார். சாத்தானின் பாட்டுப் பாடுகிறவன் என்று தாத்தாவும் பாட்டியும் பிள்ளையை வெளியே விடவில்லை. வாசலுக்கு அப்பாலிருந்தே பார்த்ததுதான் அவருக்கு நினைவு. சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்த அவரை, வழக்குகளுக்குப் பின் 2000ஆம் ஆண்டில் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் வாரிசு என்று உறுதி செய்தது. பாட்டுகளின் வருமானம் அவருக்கு வந்தபோது முதுமை வந்துவிட்டிருந்தது.

பயணத்தில் இன்னும் ஒரு கல்லறை பாக்கி. கிரீன்வுட்டிலிருந்து வடக்கே மணி ரோடு என்ற சாலை போகிறது. மணி என்பது ஊரின் பெயர்; ஆங்கிலத்தில் பணம் என்று பொருள். 1955இல் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் அந்த ஊர்க் கடைக்குப் போனான். கடையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று பழி சுமத்தி, சில நாளில் அவனைக் கடத்திச் சென்று கொன்றார்கள். அதே சாலையில்தான் லிட்டில் சயான் கோயில். இங்கும் சயான்! பின்னால் இடுகாடு, பெரிய பெக்கன் மரம், அதன் அடியில் கல். குழி தோண்டியவர் தம் கணவர்தாம் என்று கூறிய மூதாட்டி ஒருவர் 2000ஆம் ஆண்டில் காட்டிய இடம் இது.

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால் பெக்கன் மரத்தடி என்பேன். கீட்டோவைக் காட்டியவர் ஒரு காலத்தில் அவரோடு பழகியவர். மார்கன் சிட்டிக்கு ஆதாரம் தாளில் உள்ள ஒரு சொல். இங்கே சாட்சி சொல்வது மண்வெட்டி பிடித்தவரின் வீடு. என் தாத்தாவைப் புதைத்த இடத்தில் எங்கள் ஊரிலும் கல் கிடையாது. எந்தப் புங்க மரத்துக்கு எத்தனை அடி தள்ளி என்பது குழி வெட்டியவர் மகனுக்குத் தெரியும், கிராமக் கணக்கில் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் என்னோடு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஞாபகம் அது.

மரத்தடிக்கு வருகிறவர்கள் கல்லின் மேல் கிதார் மீட்டும் வில்லைகளையும் நாணயங்களையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் விசுக்கிப் புட்டி வைக்கிறார்கள். அவர் எதைக் குடித்து இறந்தார் என்று படித்துவிட்டு வருகிறவர்களும் புட்டியைத்தான் வைக்கிறார்களா என்பது எனக்கு விளங்கவில்லை.